உப்புக் காற்றில் கேஸ் கிரில்: புதுச்சேரி, கடலூர் மாடிகளுக்கான கேள்வி பதில்

எங்கள் வீடு புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மொட்டை மாடியில் 9 வருடமாக, மீனும் கோழியும் சுட ஒரு கேஸ் கிரில் நிற்கிறது. அதற்கு முன் வாங்கியது 3 வருடம்கூடத் தாங்கவில்லை. அடித்தட்டு ஓட்டையாகி, பர்னர் கையில் பிடித்தாலே உதிர்ந்தது. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. பார்த்துக்கொண்ட விதம்தான் வேறு.

தெருக்காரர்களும், கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் உறவினர்களும், லீவுக்கு பிரான்ஸிலிருந்து வருகிறவர்களும் என்னிடம் கேட்பதை எல்லாம் இங்கே சேர்த்திருக்கிறேன். கிரில்லோடு வரும் கையேடு பெரும்பாலும் பனி கொட்டும் ஊருக்காக எழுதப்பட்டது. குளிர்காலத்துக்கு எப்படி மூடிவைப்பது என்று அதில் பக்கம் பக்கமாக இருக்கும். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் கடற்காற்றிலும் நிற்கும் கிரில்லை என்ன செய்வது என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

நம் ஊரில் கிரில்லைக் கெடுப்பது வெயிலா, மழையா?

இரண்டும் இல்லை, உப்பு. சமைக்காத ஒரு நாளில் மூடியின் மேல் விரலை இழுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கும். மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று கொண்டுவந்து பூசிவிட்டுப் போன உப்பு அது. பகலில் காய்ந்த தூளாக இருக்கும்போது அதனால் பெரிய கெடுதல் இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதே, அதே கதைதான். கடலோரத்தில் முக்கால்வாசி இரவுகள் அந்த அளவைத் தாண்டிவிடும். ஆக, நாம் தூங்கும்போது கிரில் மீது ஒரு மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலம் உட்கார்ந்திருக்கிறது. துரு பிடிப்பது அப்போதுதான்.

அதனால்தான் ஒரே மாடல் கிரில் கடலிலிருந்து தள்ளியிருக்கும் விழுப்புரத்தில் ஒரு மாதிரியும் கடலோர வைத்திக்குப்பத்தில் வேறு மாதிரியும் இருக்கிறது. இங்கே நான் சொல்லப்போவதில் பாதி இந்த உப்பைத் துடைப்பது பற்றித்தான். மீதிப் பாதி கேஸ் போகும் வழியைப் பற்றியது. பளபளப்பு போனால் கிரில் அசிங்கமாகத்தான் ஆகும். கேஸ் வழி கெட்டால் ஆளுக்கே ஆபத்து.

அப்போது வெயிலால் ஒன்றுமே ஆகாதா?

ஆகும். ஆனால் இரும்புக்கு அல்ல, பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும். நாப், கேஸ் டியூப், ரெகுலேட்டரின் வெளிப்பகுதி, மேலே போடும் கவர், சக்கரம் எல்லாம் நேர் வெயிலில் வெளிறி, விறைத்து, கடைசியில் விரிசல் விடும். அக்னி நட்சத்திர நேரத்தில் கறுப்பு மூடியை மதியம் வெறுங்கையால் தொட முடியாது. அடுப்பே பற்றவைக்காமல் மூடியில் இருக்கும் தெர்மோமீட்டர் 60 டிகிரி காட்டினால் அது கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் கழற்றி அதன் குச்சியைக் கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் 100 டிகிரி காட்ட வேண்டும்.

மாடியில் எந்த இடத்தில் வைப்பது?

மதியத்துக்கு மேல் நிழல் விழும் சுவரோரம் நல்லது. ஆனால் காற்று கிரில்லின் முதுகில் அடிக்கக் கூடாது. பெரும்பாலான கிரில்களில் சூடு பின்பக்க இடைவெளி வழியாக வெளியே போகும். அங்கே கடற்காற்று நேராகப் புகுந்தால் சூடு முன்பக்கம் திரும்பி நாப்பையும் வால்வையும் வேக வைத்துவிடும். எங்கள் மாடியில் கிரில்லின் முகம் கிழக்கே பார்க்கும்படி வைத்திருக்கிறேன். அதாவது அதன் முகம் கடலைப் பார்த்து, என் முதுகும் கடலைப் பார்த்து.

கீற்றுக் கொட்டகைக்குக் கீழே வைக்கவே கூடாது. நிழல் வேண்டுமென்று பலர் செய்வதுதான், எனக்குப் பார்த்தாலே பதறுகிறது. தகர ஷெட் பரவாயில்லை, ஆனால் இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படியும். கைப்பிடிச் சுவர் சுற்றி அடைத்திருக்கும் மாடியில் அது தொட்டித் தண்ணீர் போலத் தேங்கும். மழைநீர் போகும் ஓட்டைகளை அடைத்து வைக்காதீர்கள். படிக்கட்டு வாசலுக்கு நேர் பக்கத்தில் சிலிண்டரை வைக்க வேண்டாம். கசிந்தால் படி வழியாக வீட்டுக்குள்ளேயே இறங்கும்.

சிலிண்டர் வெயிலில் நின்றால் வெடித்துவிடுமா?

மே மாத வெயிலில் சும்மா நிற்பதாலேயே நல்ல சிலிண்டர் வெடித்துவிடாது. சூட்டில் திரவம் விரியும் என்பதற்காகவே உள்ளே இடம் விட்டுத்தான் நிரப்புகிறார்கள். ஆனால் சூடு ஏற ஏற உள்ளே அழுத்தமும் ஏறுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவது வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையமும் ரெகுலேட்டரும்தான். கசிவு அங்கேதான் தொடங்கும். எனவே நிழல் கட்டாயம். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுவது நிழல் ஆகாது, உள்ளே புழுங்கும். கிரில்லுக்குக் கீழே அலமாரியில் வைப்பதாக இருந்தால் அந்த அலமாரியின் அடிப்பாகத்தில் காற்று போக ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் எப்போதும் நின்றபடிதான் இருக்க வேண்டும். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே டியூபுக்குள் வரும்.

சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடிப் பட்டையின் உள்பக்கம் பாருங்கள். ஒரு எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டரை மறு சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். அது தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த சிலிண்டர், எந்த ரெகுலேட்டர்?

மாடிக்கு 5 கிலோ சிலிண்டர் சௌகரியம். ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். சமையல் முடிந்ததும் ஒரு கையால் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். கணக்கும் சொல்லிவிடுகிறேன். கிரில் பெட்டியில் ஒரு பர்னருக்கு 12,000 பிடியூ (மணிக்கு எவ்வளவு சூடு தரும் என்ற அளவு) என்று போட்டிருந்தால் அது 3.5 கிலோவாட். முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய 270 கிராம் கேஸ் எரியும். நான்கு பர்னரையும் முழுதாகத் திறந்தால் மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல், அதாவது 5 கிலோ சிலிண்டர் நாலரை மணி நேரம். சூடேறிய பிறகு யாரும் முழுத் தீயில் வைப்பதில்லை, அதனால் எங்கள் வீட்டில் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

ஹோம்ஸ்டே, ஓட்டல் நடத்துகிறவர்கள் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது, சட்டப்படி அது வீட்டுச் சமையலுக்கு மட்டும். 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அங்கே ஒரு கவனம்: கல்யாண சமையல் அடுப்புக்கு மாட்டும் உயர் அழுத்த ரெகுலேட்டரை கிரில்லில் மாட்டவே கூடாது. கிரில் வால்வுகள் 30 மில்லிபார் கேஸ் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. உயர் அழுத்தத்தில் தீ மூடிக்கு மேலே எழும்பும்.

வீட்டு ரெகுலேட்டர் அந்த 30 மில்லிபாரைத்தான் தருகிறது. ஆனால் அது வீட்டு அடுப்பை மனதில் வைத்துச் செய்தது. பெரிய கிரில்லில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசி பர்னர் சோர்ந்து எரியலாம். அது பழுது அல்ல.

மாமா பிரான்ஸிலிருந்து ஒரு கிரில் கொண்டுவந்தார். இங்கே எரியுமா?

புதுச்சேரியில் அடிக்கடி வரும் கேள்வி. பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். பிரான்ஸில் விற்பவை பெரும்பாலும் பியூட்டேனுக்கு 28 மில்லிபார், புரொப்பேனுக்கு 37 மில்லிபார் என்று இரண்டுக்கும் சேர்த்துச் செய்தவை. நம் சிலிண்டரில் இருப்பது இந்த இரண்டு வாயுவின் கலவை, நம் ரெகுலேட்டர் 30. நன்றாகவே எரியும். அங்கிருந்து வந்த ரெகுலேட்டர் நம் சிலிண்டர் வால்வில் பொருந்தாது, அதை எடுத்து வைத்துவிட்டு இங்குள்ளதை மாட்டுங்கள்.

தகட்டில் 50 மில்லிபார் என்று மட்டும் இருந்தால் அது ஜெர்மனி பக்கத்துக்குச் செய்தது. நம் அழுத்தத்தில் தீ சோம்பலாக இருக்கும், ஜெட் (பர்னருக்குள் கேஸைச் சீறவிடும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு) மாற்ற வேண்டும். குழாய் வழி இயற்கை எரிவாயுவுக்கான கிரில் என்றால் நம் சிலிண்டரில் மாட்டவே வேண்டாம். அதன் ஜெட் துளை பெரியது, கேஸ் அளவுக்கு மீறிக் கொட்டும்.

கேஸ் டியூப் மாட்டும் கிரில்லின் மூக்கில் அது சரியாக உட்காரவில்லை என்றால் சூடு காட்டி இழுத்து மாட்டுவதும், நூல் சுற்றி டேப் ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். மூக்கையே மாற்றித் தர ஆள் இருக்கிறார்கள்.

டியூபை எப்போது மாற்றுவது? கசிவு எப்படித் தெரியும்?

கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு 5 வருடம் என்பது பொதுவான கணக்கு, தேதி மேலேயே அச்சிட்டிருக்கும். அது சமையலறைக்குள் இருக்கும் டியூபுக்கு. மாடியில் வெயில் படும் டியூபை நான் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். கையில் எடுத்து மெதுவாக வளையுங்கள். வளைவின் வெளிப்பக்கம் சின்னச் சின்ன வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். பெருச்சாளி கடித்த தடமும் இருக்கலாம். வறுத்த எண்ணெய் வாசனை டியூபில் ஒட்டியிருந்தால் அவை தேடி வரும், அதனால் கிரில்லைத் துடைக்கும்போது டியூபையும் ஒரு சோப்புத் துணியால் துடையுங்கள்.

கசிவுக்கு: பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் குழைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ரெகுலேட்டர் சேருமிடம், டியூபின் இரு முனை, வால்வு அடி எல்லாவற்றிலும் தடவுங்கள். பர்னர் நாப் எல்லாம் மூடியிருக்க, சிலிண்டர் மட்டும் திறந்திருக்க வேண்டும். குமிழி வளர்ந்தால் கசிவு. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன், இரண்டு நிமிடம்தான். தீக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், மாடி விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள், கேஸ் கசிவு அவசர எண் 1906-க்கு போன் செய்யுங்கள். அந்த வாடைகூட நமக்காகச் சேர்த்ததுதான். கேஸுக்குத் தனக்கென்று வாடை கிடையாது.

ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக, சோம்பலாக எரிகிறது. ஏன்?

முதலில் குளவியைத் தேடுங்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பயந்துபோனது இந்த விஷயத்தில்தான்.

இரண்டாவது கிரில் வாங்கிய முதல் வருடம். வெயிலுக்குப் பயந்து மே மாதம் முழுக்க மாடிப் பக்கமே போகவில்லை. ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து பற்றவைத்தேன். மூன்று பர்னர் நீலமாக எரிந்தன. நான்காவது நீளமாக மஞ்சள் நாக்கை நீட்டியது. சற்று நேரத்தில் அதன் நாப் கையைச் சுட்டது. குனிந்து பார்த்தால் பேனலுக்குப் பின்னால், தீ இருக்கவே கூடாத இடத்தில், நீலமாக ஒரு சுடர். உடனே சிலிண்டரை மூடினேன். மறுநாள் காலையில் அந்த பர்னரைக் கழற்றித் தரையில் தட்டியபோது சுண்டைக்காய் அளவில் மூன்று மண் உருண்டைகள் விழுந்தன. ஒன்றை உடைத்தேன். உள்ளே பச்சைப் புழுக்கள், அசைவில்லாமல், நெருக்கமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. குளவி தன் குஞ்சுக்காகக் கொட்டி மயக்கி வைத்த தீனி.

நடந்தது இதுதான். பர்னர் குழாயின் வாய் ஜெட்டுக்கு முன்னால் திறந்தபடி நிற்கும். ஜெட்டிலிருந்து சீறும் கேஸ் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும், இரண்டும் கலந்தால்தான் நீலத் தீ. குழாயை மண் அடைத்துவிட்டால் காற்று போதாமல் தீ மஞ்சளாகிறது. மீதி கேஸ் முன்னால் போக வழியில்லாமல் வாய்ப்பக்கமாகவே திரும்பி வழிந்து அங்கேயே பற்றிக்கொள்கிறது. நாப்பும் வால்வும் டியூபும் இருக்கும் இடம் அது.

இப்போது சமைக்கிறோமோ இல்லையோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லா பர்னரையும் ஐந்து நிமிடம் எரியவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடந்தால் பற்றவைக்கும் முன்பே பர்னரைக் கழற்றி, பால் பாட்டில் கழுவும் நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டு எடுக்கிறேன். சிலந்திக் கூடும் வரும், தென்னை நாரும் பஞ்சும் வைத்து அணில் கட்டிய கூடு ஒருமுறை மூடிக்குள் இருந்தது. பர்னர் மேலுள்ள துளைகளை ஈர்க்குச்சியால் குத்தி விடலாம். ஜெட்டை மட்டும் ஊசி, சேஃப்டி பின் எதாலும் குத்தாதீர்கள். பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிடும். கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

குழாய் வாயில் நுண்ணிய கம்பி வலை மாட்டலாமா என்று கேட்கிறார்கள். மாட்டலாம். ஆனால் வலையில் தூசி அடைந்தாலும் அதே மஞ்சள் தீதான், அதனால் வலையையும் மாதம் ஒருமுறை தட்டிவிட வேண்டும்.

தீ நீலமாகத்தான் இருக்கிறது, நடுநடுவே ஆரஞ்சுப் பொறி தெரிகிறது.

கவலை வேண்டாம். உப்பில் இருக்கும் சோடியம் சூட்டில் மஞ்சள் ஆரஞ்சாக ஒளிரும். அடுப்பில் உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தால் தீ நிறம் மாறுமே, அதுதான். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காமல் நீள மஞ்சளாக நின்று, பாத்திரத்தில் கரி படிந்தால் மேலே சொன்ன வேலையைப் பாருங்கள்.

சமைத்து முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே செய்ய வேண்டும், மறுநாள் அல்ல. நம் மசாலாவில் உப்பு, எலுமிச்சை, தயிர் எல்லாம் இருக்கும். அது மீன் வைத்துச் சுடும் கம்பியில் இரவெல்லாம் ஒட்டியிருந்தால் எவர்சில்வர்கூடப் புள்ளி விழும்.

மீனை எடுத்ததும் மூடியைச் சாத்தி பத்துப் பதினைந்து நிமிடம் முழுத் தீ வையுங்கள். ஒட்டியது கரியாகும். தீயை அணைத்து, கம்பி சூடாக இருக்கும்போதே தேய்க்க வேண்டும். நான் பயன்படுத்துவது முட்கரண்டியில் குத்திய பாதி வெங்காயமும், தண்ணீரில் நனைத்த தேங்காய் நாரும். கம்பி பிரஷ் வேண்டாம். அதன் முள் உதிர்ந்து கம்பியில் ஒட்டி, அடுத்த முறை மீனோடு தொண்டைக்குள் போகக்கூடும். குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் அந்த பிரஷ் இருக்கவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

ஆறியதும் எண்ணெய்த் தட்டைக் காலி செய்யுங்கள். பிறகு வெளிப்புறம் முழுக்க ஒரு ஈரத்துணி, அதன் பின் ஒரு உலர்ந்த துணி. சமைக்காத வாரத்திலும் இந்தத் துடைப்பு மட்டும் ஒருமுறை நடக்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். கடலோரத்து போர் தண்ணீர் உப்பு. அதில் துடைத்தால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே பூசுகிறீர்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் அதைவிட மோசம். எங்கள் வீட்டில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடிக்கிறோம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர், உப்பே இருக்காது. மே மாதத்தில் ஒரே இரவில் அரை வாளி சேரும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு இன்ஜினை நல்ல தண்ணீரில் அலசுவதைப் பார்த்திருப்பீர்கள். கடலோடு பிழைக்கிறவர்கள் செய்வதைத்தான் நாமும் செய்கிறோம்.

வார்ப்பிரும்புக் கம்பி நல்லதா, எவர்சில்வர் நல்லதா?

மீன் சுட வார்ப்பிரும்பு. சூடு நிற்கும், கோடு அழகாக விழும், பழக்கிவிட்டால் ஒட்டாது. தோசைக்கல்லைப் பழக்குவது தெரிந்த வீட்டில் இதற்குத் தனிப்பாடம் தேவையில்லை. கழுவி, நன்றாகக் காயவைத்து, கடலை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, அதையும் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, மூடியைச் சாத்தி புகை அடங்கும் வரை சூடாக்குங்கள். இரண்டு மூன்று முறை. தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது, அது இறுகிப் படலமாகாமல் பிசுபிசுவென்றே இருக்கும். மழைக்காலத்தில் கம்பியை எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்கிறவர்கள் கனமான எவர்சில்வர் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் என்று சொல்லி வாங்கினேன், டீத்தண்ணீர் நிறத்தில் கறை வருகிறதே?

எவர்சில்வரில் ரகம் உண்டு. காந்தம் பலமாக ஒட்டினால் பெரும்பாலும் 430 ரகம். விலை குறைவு, கடற்கரையில் சீக்கிரம் துரு பிடிக்கும். 304 ரகத்தில் காந்தம் அவ்வளவாக ஒட்டாது, கொஞ்சம் தாங்கும். கடல்காற்றுக்கு உகந்தது 316, ஆனால் முழு கிரில்லும் அதில் கிடைப்பது அரிது. கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். என் முதல் கிரில்லை முழுக்க 304 என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்கு வந்தபின் ஃப்ரிட்ஜ் காந்தம் அதன் அடித்தட்டில் பச்சென்று ஒட்டிக்கொண்டது.

டீ நிறக் கறை மேலோட்டமானது. ஆப்ப சோடாவைக் குழைத்து, உலோகத்தின் கோடு ஓடும் திசையிலேயே மென்மையான துணியால் தேயுங்கள். பிறகு நல்ல தண்ணீர், உலர்ந்த துணி, கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்ட துணி. இரும்புக் கம்பி நார் போட்டால் அதன் துணுக்குகள் ஒட்டி அவையே துருப்பிடிக்கும். பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் ஆசிட் இரண்டும் கிட்டவே வரக் கூடாது.

துருப்பிடித்த திருகாணிகளை ஒவ்வொன்றாக 316 ரகத்துக்கு மாற்றலாம். படகு சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழற்ற வரும்.

மூடியின் உள்பக்கம் பெயின்ட் உரிந்து விழுகிறது. சாப்பாட்டில் கலந்தால்?

பெரும்பாலும் அது பெயின்ட் அல்ல, பல நாள் எண்ணெய்ப் புகை படிந்து கரியான ஏடு. மர அகப்பையால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

பட்டனை அழுத்தினால் பொறி வரவில்லை.

பேட்டரியின் முனையில் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்றில் எல்லா இக்னிட்டரும் இப்படித்தான். எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்துக் காயவையுங்கள். நீளமான கேஸ் லைட்டர் ஒன்று எப்போதும் வைத்திருங்கள். எதில் பற்றவைத்தாலும் மூடி திறந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று முயற்சியில் பற்றாவிட்டால் நாப்பை மூடி, ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி முயலுங்கள். மூடியைச் சாத்திக்கொண்டு கேஸைத் திறப்பது புருவத்தையும் முடியையும் கொண்டுபோகும்.

கவர் போடலாமா?

போடலாம், கழற்றவும் வேண்டும். கவர் உப்பையும் வெயிலையும் தடுக்கிறது. ஆனால் சூடு ஆறும் முன் போட்டால் உருகும். ஈரத்தோடு போட்டால் உள்ளே வியர்த்து, மூடாத கிரில்லைவிட வேகமாகத் துரு பிடிக்கும். மழை விட்டு வெயில் வந்த அன்று காலையில் கவரைக் கழற்றி, மூடியைத் திறந்து இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். பக்கத்தில் காற்று போக வலை வைத்த தடித்த துணிக் கவர் நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒரு கோடைக்கு மேல் வராது.

எண்ணெய் தீப்பிடித்துவிட்டால்?

தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் எண்ணெய் தெறித்து ஆள் மேல் விழும். நாப்களை மூடி, எட்ட முடிந்தால் சிலிண்டரையும் மூடி, மூடியைச் சாத்துங்கள். ஆப்ப சோடா ஒரு பாக்கெட் பக்கத்தில் இருந்தால் அள்ளிப் போடலாம். அடங்காவிட்டால் எல்லோரையும் இறக்கிவிட்டு 101. இந்தத் தீக்குக் காரணம் பெரும்பாலும் காலி செய்யாத எண்ணெய்த் தட்டுதான், கொழுப்பு அதிகமுள்ள கோழித்தோல் அதற்கு அடுத்தது.

புயல் எச்சரிக்கை வந்தால்?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு மாடியில் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அன்று எங்கள் கிரில் படிக்கட்டு அறைக்குள் இருந்தது, மூடியைக் கயிறு போட்டுக் கட்டி, சக்கரத்துக்கு செங்கல் முட்டுக் கொடுத்து. சிலிண்டரை முதலிலேயே கழற்றி, பிளாஸ்டிக் மூடி போட்டு, காற்றோட்டமான இடத்தில் தனியாக வைத்துவிட்டேன். கீழ்த்தளத்தில் வைப்பவர்கள் சிலிண்டரை நின்றபடி தூணோடு கட்டிவிடுங்கள். நிரம்பிய சிலிண்டர்கூட வெள்ளத்தில் மிதக்கும்.

புயல் போன பிறகு உடனே பற்றவைக்க வேண்டாம். பர்னர்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, குழாயைத் தலைகீழாகப் பிடித்து உதறி, ஒரு நாள் வெயிலில் வையுங்கள். சோப்புத் தண்ணீர் சோதனை கட்டாயம். ரெகுலேட்டர் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், புதிது வாங்குங்கள். உள்ளே இருக்கும் சவ்வில் சேறு போயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

பழைய கிரில்லை எப்போது கைவிடுவது?

பர்னர், கம்பி, நாப், டியூப் எல்லாமே மாற்றக்கூடியவை. எங்கள் கிரில்லில் பர்னர் ஒருமுறை முழுதாக மாறிவிட்டது. பர்னர்களைத் தாங்கும் பெட்டியின் அடியிலோ பக்கத்திலோ துரு ஓட்டை விழுந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பர்னர் நிலையாக நிற்காது, ஜெட்டுக்கு நேராக அதன் வாய் இருக்காது. அப்புறம் வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம். வால்வையும் பக்கத் தட்டுகளையும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைப் பழைய இரும்புக்காரருக்குப் போடுங்கள். என் முதல் கிரில்லின் பக்கத் தட்டு இரண்டும் இன்றைக்கும் மாடியில் இருக்கின்றன. மீன் அறுப்பது அதன் மேல்தான்.